கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன்

சென்ற ஆண்டு புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் தீமிதி பார்ப்பதற்காக மாமியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலிருந்து காரில் புறப்பட்டேன். என் கணவர் வேலை நிமித்தம் கேப் டவுனில் இருக்கிறார். ஆகவே வண்டியைப் பொறுத்த எல்லா முடிவுகளும் என்னுடையவை. வண்டி நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். 1,86,000 கிலோமீட்டர் ஓடியது. அதுவரை என்னை வழியில் நிறுத்தியதில்லை. மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டிக் கீ ரிட்ஜ் மேட்டில் ஏறும்போது, வேகமானியின் முள் எண்பதிலிருந்து திடீரென்று பூஜ்யத்திற்கு விழுந்து மீண்டும் எழுந்தது. அடுத்த நொடியே வண்டியைப் பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல ஓர் உதறல் ஏற்பட்டது. கியர் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அதன்பின் வண்டி மூன்றாவது கியரை விட்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. என்3 நெடுஞ்சாலையின் அந்த ஏற்றத்தில் இரு பக்கமும் சரக்கு லாரிகள். என் கைகள் நடுங்கியதை மகள் பார்க்கக் கூடாது என்பதற்காக ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே ஓரம் கட்டினேன்.

எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி இயக்கியபோது, எதுவுமே நடக்காததுபோல வண்டி ஒழுங்காக ஓடியது. அம்மன் காப்பாற்றினாள் என்று மாமியார் கைகூப்பினார். நானும் அப்படியே நம்பிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாலையில் திரும்பும்போது கேட்டோ ரிட்ஜ் அருகில் அதே முள், அதே உதறல், அதே மூன்றாவது கியர். இம்முறை அணைத்து இயக்கியும் பயனில்லை. இழுவை வண்டியை வரவழைத்து வீடு வந்து சேர 1,450 ரேண்ட் ஆயிற்று. இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி நேர்ந்தால், எந்த நேரத்தில், புறப்பட்டு எவ்வளவு நேரம் கழித்து, ஏற்றத்திலா இறக்கத்திலா, வேகமானியின் முள் என்ன செய்தது, எஞ்சின் சுற்றுமானியின் முள் என்ன செய்தது என்பவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. இரண்டு முறையும் கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகே இது நடந்தது என்பதும், சாட்ஸ்வர்த்துக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டியபோது ஒருநாளும் நடக்கவில்லை என்பதும் பிற்பாடு பெரிய தடயங்களாக அமைந்தன. அப்போது அவற்றை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வரை விடுமுறை. செவ்வாயன்று கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள், ஒரு தாள் அச்சாகி வந்தது, அதில் பி 0730 என்ற குறியீட்டைப் பேனாவால் வட்டமிட்டு, “கியர் விகிதம் தவறு என்று கம்ப்யூட்டரே சொல்கிறது, உள்ளே கிளட்ச் வழுக்குகிறது, முழுவதும் பிரித்துத்தான் ஆகவேண்டும்” என்றார்கள். வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து மகளைப் பள்ளிக்கு எப்படி அனுப்புவது, மெரிபேங்கில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எப்படிப் போவது என்ற கவலையில் நான் உடனே தலையசைத்துவிட்டேன். எழுத்தில் மதிப்பீடு கேட்கவில்லை. 19 நாட்கள் வண்டி அவர்களிடம் இருந்தது. கிளட்ச் தகடுகளும் சீல்களும் மாற்றப்பட்டன என்றார்கள். 27,400 ரேண்ட் கட்டினேன். அந்த 19 நாட்களில் வாடகை வண்டிகளுக்கு மட்டும் ஏறத்தாழ 3,800 ரேண்ட் செலவாயிற்று. கணவரின் தங்கை திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தேன். அதை அவரிடம் தொலைபேசியில் சொன்ன இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வண்டி திரும்பி வந்த பதினோராம் நாள், ஹில்டனில் ஒரு துக்க வீட்டிற்குப் போகும் வழியில், கீ ரிட்ஜ் மேட்டிலேயே வேகமானியின் முள் மறுபடியும் விழுந்தது. அன்று நான் சாலையோரத்தில் அழுதேன். பட்டறைக்குப் போனபோது, “இது வேறு கோளாறு, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் போயிருக்கும், இன்னொரு 9,600 ரேண்ட் ஆகும்” என்றார்கள். அப்போதுதான் முதன்முறையாக, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளின் மின்வேலை பார்த்தவர். இப்போது வீட்டுக் கராஜில் தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்து கொடுக்கிறார். அவரிடம் போனபோது அவர் வண்டியின் மூடியைத் திறக்கவில்லை. “உட்காரு மகளே, முதலிலிருந்து சொல்லு” என்றார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கேள்விகள் கேட்டார். முள் விழுந்தபோது எஞ்சின் சத்தம் உயர்ந்ததா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை, சத்தம் மாறவே இல்லை என்றேன். “கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது. உன் வண்டியில் எஞ்சினும் கத்தவில்லை, வேகமும் குறையவில்லை, முள் மட்டும் விழுகிறது. அப்படியென்றால் பொய் சொல்வது கியர் இல்லை, கியரைப் பற்றிச் சேதி சொல்கிறவன்” என்றார். பிறகு முதல் பட்டறையில் கொடுத்த தாளைக் கேட்டார். டாஷ்போர்டு அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வட்டமிட்ட பி 0730-க்கு மேல் வரியில், யாரும் தொடாமல், பி 0720 என்று இன்னொரு குறியீடும் அச்சாகியிருந்தது. அதன் பொருள், வெளிவரும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்பது. அந்த வரி ஐந்து வாரங்களாக என் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது வந்த வேதனை, பணம் போனதைவிடப் பெரியது.

அன்று தாத்தா எனக்கு விளக்கியதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதை முன்பே அறிந்திருந்தால் நான் அந்தத் தலையசைப்பைச் செய்திருக்க மாட்டேன். பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் வேகத்தை அறிய கவர்னர் என்ற ஓர் இயந்திர உறுப்பு இருந்தது; தண்டு வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் எடைக் கற்கள் விரிந்து ஆயில் அழுத்தத்தைக் கூட்டும்; அந்த அழுத்தமே வால்வுகளைத் தள்ளிக் கியரை மாற்றும். மின்னணுக் கட்டுப்பாடு வந்தபின் அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டரும், மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வுகளும், வேகச் சென்சார்களும் எடுத்துக்கொண்டன. பொதுவாக இரண்டு சென்சார்கள் உண்டு. எஞ்சினின் சுழற்சி, ஆயிலின் வழியே அதைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்ற உறுப்பின் வழியாகக் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று; சக்கரங்களை நோக்கி வெளியேறும் இடத்தில் மற்றொன்று. வெளிவரும் வேகத்தையும் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதையும் வைத்து எப்போது கியர் மாற வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. உள்வரும் வேகத்தை எஞ்சின் வேகத்தோடு ஒப்பிட்டு டார்க் கன்வர்ட்டரில் எவ்வளவு வழுக்கல் இருக்கிறது என்று அறிகிறது. உள்வரும் வேகத்தை வெளிவரும் வேகத்தால் வகுத்து, இப்போது உண்மையில் எந்தக் கியர் பிடித்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. உள்ளே நிமிடத்துக்கு 3,000 சுற்று, வெளியே 2,000 சுற்று என்றால் விகிதம் 1.5, அது இரண்டாவது கியரின் விகிதமாக இருந்தால் எல்லாம் சரி.

இப்போது அந்த வகுத்தலில் வெளிவரும் எண் பொய்யாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் உறுதியாகப் பிடித்திருக்கும்போதே விடை பெரிதாகிவிடும். உள்ளே வேகமாகச் சுற்றுகிறது, வெளியே அந்த அளவு வரவில்லை, ஆகவே கிளட்ச் வழுக்குகிறது என்றே கம்ப்யூட்டருக்குத் தோன்றும். அது உடனே தற்காப்பு நிலைக்குப் போய்ச் சாலினாய்டுகளின் மின்சாரத்தை நிறுத்தி, ஆயில் அழுத்தத்தை உச்சத்தில் வைத்து, வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். எனக்கு உதைபோலப் பட்டது அந்த உச்ச அழுத்தத்தில் பிடித்த கிளட்ச்தான். பி 0730 என்பது எந்த உறுப்பின் பெயரும் அல்ல. ஒரு வகுத்தல் கணக்கின் விடை பொருந்தவில்லை என்ற அறிவிப்பு. இரண்டு எண்களில் எது தவறு என்று அது சொல்லாது. அதைச் சொல்லும் இன்னொரு குறியீடு என் தாளிலேயே இருந்தது.

சென்சார் எப்படி எண்ணுகிறது என்பதையும் தாத்தா மேசைமேல் பழைய ஒன்றை வைத்துக் காட்டினார். அவர் காட்டியது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட, இரண்டு ஒயர் வகை. தண்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் காந்த முனையைக் கடக்கும்போது காந்தப்புலம் கூடிக் குறைய, சுருளில் ஒரு சிறு மின் அலை எழுகிறது. இருபது பற்கள் கொண்ட சக்கரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றினால் நொடிக்கு 500 அலைகள். கம்ப்யூட்டர் அந்த அலைகளை எண்ணுகிறது. சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடினாலோ, காந்த முனையில் இரும்புத்தூள் அதிகம் ஒட்டினாலோ, ஒயரின் காப்பு கிழிந்தாலோ, கனெக்டரின் பின்கள் அரித்தாலோ சில அலைகள் காணாமல் போகும். கடற்காற்று வீசும் டர்பனில் கனெக்டர் அரிப்பைத் தான் மிக அதிகம் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். மற்றொரு வகை ஹால் சென்சார்; பெரும்பாலும் மூன்று ஒயர்கள் இருக்கும்; கம்ப்யூட்டரிலிருந்து மின்சாரம் பெற்று, சதுர வடிவ அலைகளைத் தரும்; வண்டி மிக மெதுவாக ஊர்ந்தாலும் எண்ணும். காந்தச்சுருள் வகையோ மெதுவான வேகத்தில் மிக வலுவற்ற அலையைத்தான் தரும். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் சுருள் வகையை ஓம், அதாவது மின்தடை, அளந்து சோதிப்பதுபோல ஹால் வகையைச் சோதிக்கக் கூடாது. அதற்கு வரும் மின்னழுத்தத்தையும் அது தரும் சமிக்ஞையையும்தான் பார்க்க வேண்டும்.

சோதனையை அவர் மூன்று படிகளில் செய்தார். முதலில், காலையில் வண்டி குளிர்ந்திருந்தபோது கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தார், 540 ஓம். என் வண்டியின் கையேட்டில் கொடுத்திருந்த எல்லைக்குள்தான் இருந்தது. கனெக்டரின் ஒரு பின்னில் பச்சை படிந்திருந்ததைச் சுத்தம் செய்தார்; ஆனால் அதோடு நிறுத்தவில்லை. “குளிரில் நல்லவன், சூட்டில் யார் என்று பார்க்கவேண்டும்” என்றார். அடுத்து, கியர்பாக்ஸின் தரவுகளையும் படிக்கக்கூடிய ஸ்கேனரைச் செருகி, நான் ஓட்ட, அவர் பக்கத்தில் அமர்ந்து, மரியன்ஹில் வழியாக மேட்டில் ஏறினோம். அப்போது வண்டி எண்பதில், மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தது; என் வண்டியில் அந்தக் கியர் நேர் விகிதம், அதாவது உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஏறக்குறைய ஒன்று. திரையில் உள்வரும் வேகம் 2,810, வெளிவரும் வேகம் 2,800 என்று இருந்தது. நாற்பது நிமிடம் கழிந்ததும் வெளிவரும் எண் 1,600 ஆயிற்று, பூஜ்யமாயிற்று, மறுபடி 2,800 ஆயிற்று. எல்லாம் ஒரு நொடிக்குள். எண்பதில் போகும் வண்டியின் தண்டு அரை நொடியில் நின்று மறுபடி அதே வேகத்துக்கு வர இயலாது. இரும்பால் ஆகாததை அந்த எண் செய்தது. ஆகவே தவறு எண்ணில். மூன்றாவதாக, வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறுவதற்கு முன்பே மறுபடி ஓம் அளந்தார். மல்டிமீட்டர் ஒரு கணம் எண் காட்டியது, ஒரு கணம் திறந்த சுற்று, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது, என்றது. சுருளுக்குள் கம்பி எங்கோ முறிந்து, குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டும் சூட்டில் விலகியும் இருந்திருக்கிறது.

நீண்ட தூரம் ஓட்ட வசதியில்லாதவர்கள், கழற்றிய சென்சாரைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கிக்கொண்டே அளந்து பார்க்கலாம். அதன் முனைக்கு அருகில் ஒரு ஸ்பேனரை விரைவாக அசைத்தால், மாறுமின் (ஏசி) அளவில் வைத்த மல்டிமீட்டரில் சிறிது மின்னழுத்தம் துடிப்பதையும் காணலாம். சுருள் உயிரோடிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முனையில் மெல்லிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக உலோகச் செதில்கள் இருந்தால் மட்டுமே கியர்பாக்ஸின் உட்புறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். என் சென்சாரின் முனை சுத்தமாக இருந்தது. எல்லா வண்டிகளிலும் இப்படி வெளியிலிருந்து கழற்ற முடியாது. சிலவற்றில் சென்சார் உள்ளே, வால்வுகள் அமைந்த வால்வு பாடியோடு சேர்ந்திருக்கும், ஆயில் தட்டைக் கழற்றியே ஆகவேண்டும். அப்போதும் ஓடும்போது தரவைப் பார்ப்பது ஒன்றும் பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனை.

புதிய சென்சார் 1,150 ரேண்ட். தாத்தா கூலியாக 650 ரேண்ட் மட்டும் வாங்கிக்கொண்டார். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, ஒழுகிய சிறிதளவு ஆயிலை ஈடுசெய்து, குறியீடுகளை அழித்து, மறுநாள் மறுபடி மேட்டில் ஏறிப் பார்த்தோம். 1,800 ரேண்டில் முடிந்தது.

வேகமானியைப் பற்றி ஒரு சொல். என் வண்டியில் வேகமானிக்கும் இதே சென்சாரிலிருந்துதான் சேதி போகிறது. அதனால் முள் விழுந்தது. வேறு வண்டிகளில் அது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சக்கரச் சென்சார்களிலிருந்து வரும். அவற்றில் முள் ஒழுங்காக இருந்துகொண்டே கியர் மட்டும் உதறலாம். ஆகவே முள் அசையவில்லை என்பதால் சென்சார் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். தொலைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தை வைத்து நீங்களே கணக்கிட முடியும்: மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,333 மீட்டர், டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் சக்கரம் சுமார் 700 முறை சுற்றுகிறது. இறுதி விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற வெளிவரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது, 4 என்றால் அந்தத் தண்டு 2,800 சுற்று. ஸ்கேனர் காட்டுவது இதற்கு அருகில் இருக்க வேண்டும். சென்சார் எந்தச் சக்கரத்தின் பற்களை எண்ணுகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும் என்பதால் உங்கள் வண்டிக்குரிய எண்களை வைத்தே கணக்கிடுங்கள். மலிவான சில ஸ்கேனர்கள் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். வாங்கும்போது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் படிக்குமா என்று கேளுங்கள். தற்காப்பு நிலையில் வண்டியை நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். மூன்றாவது கியரிலேயே நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் டார்க் கன்வர்ட்டரில் சூடு ஏறும். பழுதில்லாத கியர்பாக்ஸுக்கும் அப்போது தீங்கு வரலாம்.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நான்தான் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் இருந்தேன். அதன் 15ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்புக்கு முன்னால் மதிப்பீடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கோளாறு கண்டுபிடிக்கக் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். 54ஆம் பிரிவு தரமான சேவை பெறும் உரிமையைத் தருகிறது. சேவை குறைபட்டால் சரிசெய்து தரவோ கட்டணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கலாம். 57ஆம் பிரிவின்படி மாற்றிய பாகங்களுக்கும் பொருத்திய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. 67ஆம் பிரிவின்படி கழற்றிய பழைய பாகங்களை அவர்கள் வைத்திருந்து நம்மிடம் கொடுக்க வேண்டும். நான் பழைய கிளட்ச் தகடுகளைக் கேட்டபோது, எறிந்துவிட்டோம் என்றார்கள். அவை எரிந்து தேய்ந்திருந்தனவா, நல்ல நிலையில் இருந்தனவா என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த இரண்டு குறியீடுகள் அச்சான தாளின் நகலையும், தாத்தா எழுதிக் கொடுத்த அளவுகளையும், இந்தப் பிரிவுகளின் எண்களையும் வைத்துப் பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் குறிப்பிட்டேன். மூன்று வாரங்களில் 6,000 ரேண்ட் திருப்பிக் கொடுத்தார்கள். இழுவைக்கும் வாடகை வண்டிகளுக்கும் கொடுத்ததைச் சேர்த்தால் என் கையிலிருந்து வீணாகப் போனது 26,650 ரேண்ட். எழுத்தில் மதிப்பீடு இருந்திருந்தால், பழைய பாகங்கள் என்னிடம் இருந்திருந்தால், இதைவிடக் கூடுதலாகக் கேட்டிருப்பேன்.

இப்போது என் டாஷ்போர்டு அறையில் ஒரு தாள் இருக்கிறது. என் வண்டியின் நான்கு கியர் விகிதங்கள், இறுதி விகிதம், டயரின் சுற்றளவு, புதிய சென்சாரின் குளிர்ந்த நிலை ஓம், சூடான நிலை ஓம், மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர் ஆகியவை அதில் எழுதப்பட்டுள்ளன. இந்த ஆண்டு புனித வெள்ளிக்கும் அதே மேட்டில் ஏறிக் கோயிலுக்குப் போனேன். மகள் முன்னிருக்கையில் அமர்ந்து, மரியன்ஹில்லிலிருந்து கேட்டோ ரிட்ஜ் வரை வேகமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.